மூளையில்லாத டியூப்

மெல்பர்ன் குளிருக்குப் பயந்து ஜன்னலையே திறக்காமல் இருக்கிற என் மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் மூன்றாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீ "சரிமா, சரிமா, சாப்ட்டீங்களா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அந்தக் கெட்டிக்காரத்தனம் உன் அப்பாவிடமிருந்து வந்தது. கடிதத்தில் அதெல்லாம் நடக்காது. பக்கத்தில் ஒரு டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்து முழுதாகப் படி.

முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். நீ என்னிடம் மறைத்தது எனக்குத் தெரிந்துவிட்டது. போன சனிக்கிழமை காலை அப்பா பாசாரிலிருந்து கெம்போங் மீன் வாங்கிக்கொண்டு வந்தார். நான் சிங்க்கில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டே, "ஏம்மா, தம்பி ஆராய்ச்சி டாபிக்க மாத்தப் போறானாமே, உன்கிட்ட சொன்னானா?" என்றார். எந்த டாபிக்கை என்று நான் திரும்பினேன். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "ஐயோ, சொல்லக் கூடாதுன்னான் லா" என்று பேப்பரை மடக்கினார். அப்பாவிடம் ரகசியம் சொல்வதும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரோட்டில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்றுதான் என்று இத்தனை வயதுக்குப் பிறகுமா உனக்குத் தெரியவில்லை? நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். பாவம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "எனக்கு ஒண்ணும் புரியல. உன்னோட அந்தப் பெரிய ஆராய்ச்சிப் பேப்பர்ல என்னமோ தப்பாம். மூளையே போடாத டியூப்ல கூட மருந்து ஒட்டுதாம். அம்மாகிட்ட சொன்னா ஒடைஞ்சி போய்டுவாங்க, நான் வேற டாபிக் எடுத்துக்கறேன் பான்னு சொன்னான்."

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. எழுந்துபோய் மிச்ச மீனையும் கழுவினேன், குழம்பு வைத்தேன், புளி கொஞ்சம் கூடிவிட்டது. சாப்பிடும்போதுதான் கோபம் வந்தது. உன் மேல். பேப்பர் தப்பு என்பதற்காக அல்ல. உடைந்துபோவேன் என்று நினைத்தாயே, அதற்காக. நான் என்ன கண்ணாடி பீக்கரா? வாழ்நாள் முழுக்க எலி, ஆடு, கதிரியக்கம், மானியக் கமிட்டி, டீன் என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியவளைப் பார்த்து, ஒரு டியூபுக்குத் தாங்கமாட்டாள் என்று என் வயிற்றில் பிறந்தவனே முடிவுகட்டியிருக்கிறான். அன்று மாலைவரை உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் அடங்கிவிட்டது. இப்போது இல்லை. இல்லையென்றால் இவ்வளவு சாவதானமாக எழுதுவேனா?

அப்பா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளைக்கு உன் பிள்ளைகளும் இதைப் படிக்கலாம். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நான் இந்த வேலைக்கு வந்தது உன் குமார் மாமாவால். இன்றைக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை கட்டிக்கொண்டு, வருகிற போகிற எல்லோரையும் வம்புக்கு இழுக்கிற உன் மாமாவுக்குச் சின்ன வயதில் வலிப்பு உண்டு. நாங்கள் அப்போது கிள்ளானில் இருந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருப்பான், தட்டோடு சாய்வான். வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். தாயத்து கட்டினார்கள், இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள், எதற்கும் வலிப்பு நிற்கவில்லை. கடைசியில் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நாளில் வலிப்பு குறைந்தது, பிறகு நின்றே போனது. எல்லோரும் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனார்கள். குமார் மட்டும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான், "அக்கா, இது வயித்துக்குத்தான போவுது, மண்டைக்குள்ள எப்புடி வேல செய்யுது? எங்க போய் உக்காருது?" எனக்குத் தெரியவில்லை. டீச்சரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் யுனிவர்சிட்டிக்குப் போனேன், அதற்குமேல் படித்தேன், ரிட்டையர் ஆகும் வரைக்கும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கே போய் உட்காருகிறது என்பதற்குப் பதில், ஏற்பியில். மூளையின் செல்களுக்கு வெளிப்புறத்தில் இருக்கை மாதிரி சின்னச் சின்ன இடங்கள். மூளை தானே சுரக்கிற சரக்கு வந்து உட்காருவதற்காக இருப்பவை. மருந்து அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து, நடக்கிற வேலையைக் கூட்டும் அல்லது குறைக்கும். சில மருந்துகள் உட்கார்ந்துகொண்டு ஒன்றுமே செய்யாது. கல்யாண மண்டபத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தானும் வேலை செய்யாமல் மற்றவரையும் உட்காரவிடாத சொந்தக்காரர்கள் மாதிரி. அதுவும் சில நோய்க்கு வேண்டியதாகத்தான் இருக்கிறது. மூளையில் இந்த இருக்கைகள் எங்கே இருக்கின்றன, எந்த மருந்து எதில் எவ்வளவு அழுத்தமாக உட்காருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. நீயும் அதே பிழைப்புக்கு வந்துவிட்டாய். மாமா கடையில் மாலை கட்டப் போயிருந்தால் இன்னும் சந்தோஷமாக இருந்திருப்பாய் என்று அப்பா சொல்கிறார்.

இதற்கு மூளை வேண்டும். ஆரம்பத்தில் கிள்ளான் பாசாரில் ஒரு சீன அங்கிளிடம் பன்றி மூளை வாங்குவேன். அவர்கள் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு அதில் சூப் வைத்துக் கொடுப்பார்கள், அறிவு வளரும் என்று. "அனாக் மாவ் பெரிக்சா கா?" என்று முதல் நாள் கேட்டார், பிள்ளைக்குப் பரீட்சையா என்று. எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வாராவாரம் போவேன், வாராவாரம் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். பரீட்சைக்கு மேல் பரீட்சையாக எழுதிக்கொண்டிருக்கிற அந்தப் பிள்ளையை நினைத்து அவருக்கு ஒரே பரிதாபம். பிறகு ரோஹானி என்ற மலாய் முஸ்லிம் பெண் உதவியாளராக லேப்புக்கு வந்தார். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் பன்றி மூளை டியூபைத் தொடும்போது மட்டும் கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொள்வார். சங்கடமா என்று கேட்டேன். "தாக் அப்பா, டாக்டர்" என்றார், பரவாயில்லை என்று. பரவாயில்லை என்று சொல்கிற முகம் அது இல்லை. அடுத்த வாரமே ஆட்டு மூளைக்கு மாறினேன். நீயும் ஒருநாள் லேப் நடத்துவாய். யாருக்கு எது சங்கடம் என்று அவர்கள் வாயால் சொல்லும்வரை காத்திருக்காதே, தம்பி.

ஆட்டு மூளை வாங்கியது கறிக்கடை பாயிடம். "அக்கா, தலக்கறி வேணாமா, வெறும் மூளயா? பிரட்டல் எப்புடி பண்ணுவீங்க?" என்றார். ஐஸில் வைத்து அரைத்து, சுழற்றி, மேல் தண்ணீரைக் கொட்டிவிடுவேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் சமையல் குறிப்பே கேட்டதில்லை. ஐஸ் பெட்டியில் வைத்துக் கொம்யூட்டர் ரயிலில் மடியில் தூக்கிக்கொண்டு போவேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஐஸ்கிரீமா என்று கேட்பார்கள், சிரித்து வைப்பேன். லேப்பில் அரைக்கிற மெஷின் ஒருமுறை கெட்டுப்போனபோது வீட்டு பிளெண்டரை எடுத்துக்கொண்டு போனேன். அதை லேப்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் புதிது வாங்கிவிட்டேன் என்று எத்தனையோ தடவை சத்தியம் செய்தாயிற்று. அப்பா இன்றுவரை என் வீட்டுத் தேங்காய்ச் சட்னியைத் தொடுவதில்லை, கடைத்தெருவில் போய்த் தோசை சாப்பிட்டுவிட்டு வருகிறார். நீ மட்டும் குறைச்சலா? அம்மா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, "ஆட்டு மூளை அரைக்கிறாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தாய். பெற்றோர் நாளன்று உன் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ரெஸ்டோரான் எங்கே இருக்கிறது, ஒருநாள் வருகிறோம் என்றார்.

இப்போது டியூபுக்கு வருகிறேன். அரைத்த மூளையை டியூபில் ஊற்றி, கதிரியக்கக் குறி போட்ட மருந்தைச் சொட்டு விடுவோம். மருந்து ஏற்பியில் போய் ஒட்டும். பிறகு கண்ணாடி நாரால் செய்த ஒரு வடிதாளில் ஊற்றி உறிஞ்சுவோம். மூளைச் சவ்வும் அதில் ஒட்டிய மருந்தும் தாளின் மேல் தங்கும், ஒட்டாத மருந்து கீழே போய்விடும். தாளில் எவ்வளவு தங்கியது என்று மெஷின் சொல்லும். ஆனால் மருந்து கண்ட இடத்திலும் ஒட்டும் குணமுள்ளது. அதனால் இன்னொரு டியூபில் குறி போடாத அதே மருந்தை ஏகத்துக்குக் கொட்டி, ஏற்பிகளையெல்லாம் முன்கூட்டியே நிரப்பிவிடுவோம். அதிலும் தாளில் ஒட்டுகிறதே, அது வெறும் ஒட்டு. அதைக் கழித்தால் மிச்சம் இருப்பது நிஜமான ஒட்டு. இதற்கெல்லாம் மேலே மூளையே ஊற்றாத டியூப் ஒன்றையும் போட வேண்டும். அதில் ஒன்றுமே வரக் கூடாது. வந்தால் எங்கேயோ கோளாறு. லேப்பில் அதற்கு மூளையில்லாத டியூப் என்று பெயர். யாராவது அசட்டுத்தனமாக ஏதாவது செய்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

நாங்கள் அந்த டியூபைப் போடாமலே விட்டுவிடவில்லை. முதலில் போட்டோம், சுத்தமாக ஒன்றும் வரவில்லை. அதன் பிறகு பல மாதம் கழித்து அந்த வடிதாள் வருவது நின்றுபோய், சப்ளையர் வேறு தாள் அனுப்பினார். கொஞ்சம் தடிமனான, நல்ல தாள். எங்களிடம் அப்போது ஒரு புது மருந்து இருந்தது. பஹாங் பக்கம் வயதானவர்கள் தூக்கத்துக்காகக் காய்ச்சிக் குடிக்கிற ஒரு இலையிலிருந்து பிரித்தெடுத்தது. பழைய தாளில் அது ஓர் ஏற்பியில் மட்டும் ஒட்டுவதாகத் தெரிந்தது. புதுத் தாளில் இரண்டு இடத்தில் ஒட்டுவதாகத் தெரிந்தது. பழைய தாளில் நழுவிப்போனது இதில் பிடிபடுகிறது என்று நினைத்தேன். குறி போடாத மருந்தைக் கொட்டினால் அந்த இரண்டாவது ஒட்டும் ஒழுங்காக விலகிக்கொண்டது, நிஜ ஏற்பி எப்படி நடக்குமோ அப்படியே. சந்தேகப்படக் காரணமே இல்லை. புதுத் தாள் வந்த அன்று மூளையில்லாத டியூபைத் திரும்பவும் போட்டிருக்க வேண்டும். எங்களுக்கு அது ஏற்கெனவே போட்டு முடித்த வேலையாகத் தெரிந்தது. அந்த இரண்டாவது இடத்தைப் பற்றி எழுதிய பேப்பர்தான் என் பெயரை வெளியே கொண்டுபோனது. என்னை வெளிநாட்டு மாநாடுகளுக்குக் கூப்பிட்டார்கள், மேடையில் படம் போட்டுக் காட்டினேன்.

ரிட்டையர்மெண்ட் விருந்துக்கு நீ வந்திருந்தாயே, கிள்ளான் மண்டபத்தில். டீன் எழுந்து மலேசிய ஆய்வுக்கு நான் கொடுத்த கொடை அது இது என்று அந்த இரண்டாவது இடத்தைப் பற்றியே பேசினார். எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டியது நீ. எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கைதட்டல் கொஞ்சம் அதிகம். ஆட்டுப் பிரட்டலை இரண்டாவது தடவை கேட்காமல் எழுந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உனக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று. வயிறு சரியில்லை என்று சொன்னாய், நானும் ரசத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். சனிக்கிழமை மாலை பால்கனியில் உட்கார்ந்து மோனோரயில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. அந்த ஒன்று போனால் என்ன மிஞ்சும் என்று மனசு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. வயதாக ஆக ஏற்பிகள் எப்படிக் குறைகின்றன என்று பார்த்தோமே, அது நிற்கிறது. வலிப்பு மாத்திரைகளைப் பற்றிச் செய்தது நிற்கிறது. என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் ஆஸ்பத்திரிகளிலும் ஃபாக்டரிகளிலும் இருக்கிறார்கள். இருந்தாலும் மனசு போன ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தது. அப்பா டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவரிடமிருந்து அது எவ்வளவு பெரிய உதவி என்று உனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை லேப்புக்குப் போனேன். இப்போது அதை நடத்துவது கவிதா, உனக்குக் கவி அக்கா. "ப்ரோஃப், அதுக்குள்ள போரடிச்சிருச்சா?" என்று சிரித்தாள். அந்தத் தடிமன் தாள் இன்னும் வருகிறதா என்று கேட்டேன். வருகிறதாம், வேறு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். இலை மருந்தும் ஃப்ரீஸரில் இருந்தது. குறி போட்டது வேறொரு சோதனைக்காகச் செய்து வைத்ததில் மிச்சம் இருந்தது. "மூளை எடுக்கட்டுமா ப்ரோஃப்?" என்றாள். "மூளை வேணாம்மா. டியூபும் தாளும் போதும்" என்றேன். அவள் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. கெட்டிக்காரி, அப்போதே புரிந்துகொண்டாள். கோட்டை மாட்டிக்கொண்டு நானே ஊற்றினேன், நானே உறிஞ்சினேன், நானே கழுவினேன். ஒரு பீக்கரும் உடையவில்லை, உன் தகவலுக்காகச் சொல்கிறேன்.

மெஷின் காகிதத்தைத் தள்ளியது. கவிதா கிராஃப் போட்டாள். மூளையின் வாடையே படாத டியூபிலிருந்து, என் பேப்பரில் இருக்கிற அதே வளைவு, அதே இடத்தில் திரும்பி, அதே இடத்தில் சமமானது. மருந்து தாளில் ஒட்டியிருக்கிறது. குறி போடாததைக் கொட்டினால் தாளிலிருந்தும் விலகியிருக்கிறது. இத்தனை வருஷம் தாள்தான் ஏற்பி வேஷம் கட்டியிருக்கிறது. கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகத்தான் சொல்கிறேன். "என்ன ப்ரோஃப், சிரிக்கிறீங்க?" என்றாள். "பின்ன? எவ்வளவு அழகா வந்திருக்கு பாரு" என்றேன். அந்த வளைவில் ஒரு புள்ளிகூடத் தப்பிப் போகவில்லை, தம்பி. பிறகு தாளை, எதையும் ஒட்டவிடாத ஒரு கரைசலில் ஊறவைத்து மறுபடி போட்டோம், இந்தத் தடவை மூளையோடு. இரண்டாவது இடம் மாயமாக மறைந்தது. முதல் ஏற்பி இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கும் அப்பாவுக்கும் கொஞ்சம் ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பா என்ன விசேஷம் என்று கேட்டார். பையன் சொன்னது சரிதான் என்றேன்.

எனக்கு ஏன் நிம்மதியாக இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். நம் தொழிலில் யாரும் யாருடைய வேலையையும் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. மேற்கோள் காட்டுவார்கள், பாராட்டுவார்கள், ஆனால் டியூபை எடுத்துத் திரும்பப் போட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. என் பேப்பரைக் கடைசி வரி வரைக்கும், தாள் எந்த வகை என்பது வரைக்கும் படித்துப் பார்த்தவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். அந்த மரியாதையை எனக்குக் கொடுத்துவிட்டு, அதையே என்னிடம் மறைக்கிறாய்.

இப்போது கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன். நீ டாபிக்கை மாற்றினால் உன் ஸ்காலர்ஷிப் அதற்குள் முடிந்துவிடும், உன் சூப்பர்வைசரிடம் காரணம் சொல்ல முடியாமல் முழிப்பாய், சோம்பேறி என்று நினைப்பார். அது உன் பாடு என்று விட்டுவிடலாம் என்றால், இன்னொன்று இருக்கிறது. போன வாரம் சுரபாயாவிலிருந்து ஒரு பெண் ஈமெயில் போட்டிருந்தாள். அந்த இரண்டாவது இடத்தைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு ஆரம்பிக்கப் போகிறாளாம், செய்முறையை அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறாள். எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறாள் தெரியுமா. நீ வாயை மூடிக்கொண்டால் அந்தப் பெண் வருஷக்கணக்கில் ஒரு தாளை ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பாள். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அவளைக் குழியில் தள்ளப் பார்த்தாய். உனக்கு அது தெரியாது, அதனால் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. நான் அவளுக்கு நேற்றே உண்மையை எழுதிவிட்டேன், முதல் ஏற்பியில் செய்வதற்கு நிறைய வேலை இருக்கிறது என்றும் எழுதினேன். பேப்பரை வெளியிட்ட பத்திரிகைக்கும் எழுதப் போகிறேன். ஆனால் கிழவி தானே வந்து சொல்வதைவிட, முறையாகச் செய்து பார்த்த ஒருவன் ஆதாரத்தோடு சொல்வதுதான் நிற்கும். அது உன் வேலை.

ஒரே மருந்தை ஓயாமல் கொடுத்துக்கொண்டிருந்தால் ஏற்பிகள் செல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்பது உனக்கே தெரியும். அதனால்தான் நான் உன்னிடம் தினமும் அறிவுரை சொல்வதில்லை. இன்றைக்கு மட்டும் ஒன்று. யாருக்காவது மனசு வலிக்கும் என்று பயந்து ஒரு முடிவை மறைக்காதே, லேப்பிலும் சரி, வீட்டிலும் சரி. நாளைக்கு நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் அப்படித்தான். தாங்கமாட்டாள் என்று நீ முடிவுகட்டாதே. தாங்குகிறாளா இல்லையா என்று அவளே சொல்லட்டும்.

இன்னொன்றையும் பேசிவிடுகிறேன். உன் சூப்பர்வைசருக்கு நான் யாரென்று தெரியாது, இல்லையா? எப்படித் தெரியும்? என் பேப்பரில் என் பெயரோடு இருப்பது உன் தாத்தா பெயர். உன் பெயரோடு இருப்பது உன் அப்பா பெயர். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், நான் ஏ/பி, இன்னார் மகள்; நீ ஏ/எல், இன்னார் மகன். அவர்கள் ஊரில் குடும்பப் பெயர் காட்டிக்கொடுத்துவிடும். நம்மைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மலேசியத் தமிழர்கள். நீ உன் முடிவைப் பேசாமல் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் ஒருவரும் உன்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அப்படியும் நீ அனுப்பவில்லை. அதை நினைத்தபோதுதான் என் கோபம் இறங்கியது. நாளைக்குப் போய் அவரிடம், "அதை எழுதியது என் அம்மா" என்று சொல்லிவிடு. மறைக்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

நீ இந்தத் துறைக்கு வந்தபோது நான் ஒரு விதி வைத்தேன். என் லேப்பில் நீ கால் வைக்கக் கூடாது, நாம் சேர்ந்து எதையும் எழுதக் கூடாது என்று. அம்மா முதுகில் ஏறி வந்தவன் என்று உன்னை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். உனக்கு அதில் வருத்தம் என்று எனக்குத் தெரியும், ஒருநாளும் நீ கேட்டதில்லை. இன்றைக்கு அந்த விதியை நானே எடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமை போட்ட முடிவெல்லாம் கவிதா உனக்கு அனுப்புவாள். வேறொரு லேப்பிலும் செய்து பார்த்தார்கள் என்று உன் பேப்பருக்கு அது வேண்டியிருக்கும். கவிதா பெயரையும் போடு. கடைசி இடம் பெரியவர்களுக்கு, அதில் உன் சூப்பர்வைசர் இருக்கட்டும். எனக்கு நன்றி தெரிவிக்கிற பத்தியெல்லாம் வேண்டாம். அந்தப் பத்தியில் நிறுத்திவைத்துக் கும்பிடு போட்டு என்னை வெளியே அனுப்பிவிடாதே. டியூபைப் பிடித்தவள் நான்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதுகிற முதல் பேப்பர், நான் சொன்னது தப்பு என்று சொல்கிற பேப்பராகவே இருக்கட்டும். முதலில் உன் பெயரைப் போடு. அதற்கு அடுத்து என் பெயர்.

அம்மா